கொரியப் படத்துக்குக் கதை சொன்ன அக்கா

நண்பனின் கல்யாணத்துக்காகக் குளச்சலிலிருந்து குலசேகரம் போன மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. எதைச் சொல்வதானாலும் முதலில் பக்கத்திலிருப்பவரை முழங்கையால் ஓர் இடி இடிப்பார். அன்று பக்கத்தில் இருந்தது நான்.

டிரைவர் ஒரு கொரியப் படம் போட்டிருந்தார். துப்பாக்கியும் துரத்தலுமாக ஓடியது. பேச்சு ஒருவருக்கும் புரியவில்லை.

"படத்த மாத்தும் வேய்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மாத்தண்டாம்!" என்று அக்கா எழுந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரரு கப்பல்லேருந்து கொண்டுவந்த வெள்ளக்காரப் படந்தான் இது. அதையே இவனுவ திரும்ப எடுத்திருக்கானுவ. நான் கதை சொல்லுதேன்."

பிறகு பஸ் முழுக்க அவர் குரல்தான். வில்லன் வாயைத் திறந்தால், "ஏலே, பொட்டிய எங்கல வச்ச?" என்பார். கதாநாயகனுக்கும் அவரே, "கடல்ல எறிஞ்சாச்சு மக்கா!" என்பார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

கதாநாயகனின் மனைவி குண்டடிபட்டு விழுந்ததும் அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"இவ இனி எழும்ப மாட்டா. அண்ணைக்கு அந்த வெள்ளக்காரப் படத்துல இவ செத்ததப் பாத்துட்டு எனக்குச் சோறே எறங்கல" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் திரையில் அவள் மெல்ல எழுந்தாள்.

"அக்கா, பாருங்க! எழும்பிட்டா!" என்று கத்தினேன்.

அக்கா பார்த்தார். "மக்களே, பொழச்சிட்டியா!" என்று அழுதுகொண்டே சிரித்தார். பஸ்ஸே விசிலடித்தது.

மாதா கோயில் வாசலில் இறங்கியதும் எதிரே வந்த பெண்வீட்டாரிடம், "அவ சாகல, கேட்டியளா!" என்றார் அக்கா. யார் சாகவில்லை என்று தெரியாமலே அவர்களும் சிலுவை போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னார்கள்.