அழும் காட்சி வரைக்கும்

பாப்பாரப்பட்டி டூரிங் கொட்டகையில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது, தினமும் முதல் ஆட்டத்துக்கு ஓர் அம்மாள் வருவார். நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய், தாய் வேடங்களில் அழுதே பேர் வாங்கிய நடிகை. மழித்த புருவத்தில் இப்போது மைகூடத் தீட்டுவதில்லை. முக்காட்டுக்குள் டிக்கெட் கிழிக்கிற என்னைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. திரையில் மகனின் பிணத்தின்மேல் விழுந்து அவரே கதறுகிற காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் வாசலில் கேட்டேன். "மீதிப் படம் பாக்கலீங்களாம்மா?"

"போன மாசம் எம் பையன் செத்துட்டானுங்க. எனக்கு அழுவ வரல. அங்க அழுவறனே, அதைப் பாத்துட்டு வூட்டுக்குப் போறனுங்க."

வெள்ளிக்கிழமை படம் மாறியது. இந்தப் படத்தில் அவர் நடிக்கவில்லை என்று அவரிடமே சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சிரிப்புப் படம், கொட்டகையே குலுங்கியது. எல்லோரும் கலைந்த பிறகும் அவர் எழவில்லை, திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். படம் முடிந்துவிட்டது என்று சொல்லாமல், விளக்கை எரியவிட்டு வாசலுக்குப் போனேன்.