மஞ்சள் பீரங்கி

செல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, படிப்புக்காக வாங்கியது என்றுதான் அப்பா ஊரெல்லாம் சொன்னார். சித்தப்பா அதில் முதலில் ஏற்றியதோ பீரங்கி விளையாட்டு. மேடும் பள்ளமுமான தரையில் ஆளுக்கொரு பீரங்கி நிற்கும். கோணமும் வேகமும் பார்த்து எதிராளியைச் சுட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே ஓர் அம்புக்குறி காட்டும். ஒருவர் சுட்ட பிறகுதான் அடுத்தவர் முறை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முழுதாகப் பேசவிட்டதில்லை. அந்த விளையாட்டில் மட்டும் வரிசை தப்பாது.

அப்போது எனக்குப் பத்து வயது. டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவுக்குக் கணக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே அப்பா சித்தப்பாவிடம் சொன்னார்.

"அம்புட்டுத் தூரம் பஸ்ல போயி வாரதெல்லாம் சரிப்படாதுடா. வர முடியாதுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு லெட்டர் அடிச்சிரு."

அம்மா சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு இட்லி கேட்டேன்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டு அடிச்சிர்றேண்ணே" என்றார் சித்தப்பா. நாலு பேர் ஆடினால்தான் அவருக்கு ருசி. ஒரு கை குறைந்ததால், "மதினி, சும்மா வாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"இவளுக்கு எந்தப் பட்டன்னே தெரியாதுடா" என்று அப்பா சிரித்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மஞ்சள் பீரங்கி. முதல் குண்டு எதிரிலிருந்த மேட்டிலேயே முட்டி வெடித்தது. எல்லோரிலும் நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அடுத்த முறை அம்மா அம்புக்குறியை உற்றுப் பார்த்தாள். உதடு ஏதோ கணக்குப் போட்டது. குண்டு திரைக்கு மேலே போய்க் காணாமலே போனது. பிறகு நேராக அப்பாவின் சிவப்புப் பீரங்கி மேல் வந்து விழுந்தது.

"குருட்டாம்போக்குல பட்டிருச்சு" என்றார் அப்பா.

அடுத்த சுற்றில் காற்று திசை மாறி அடித்தது. அப்போதும் குண்டு அப்பாவின் மேல்தான் விழுந்தது. சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை.

"கிட்டக்க நிக்கிற என்னைய விட்டுட்டு, அம்புட்டுத் தூரம் எதுக்கு மதினி?"

"தெரிஞ்சுதான் தம்பி அடிக்கிறேன்."

உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள். மூன்றாவது தடவை பட்டதும் சிவப்புப் பீரங்கி வெடித்துச் சிதறியது. நான் பதறிப்போய் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடித்தவருக்கு அதற்குமேல் முறை கிடையாது.

"போதும்ணே. லெட்டர அடிச்சிரவா?" என்றார் சித்தப்பா.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"வேணாம் தம்பி. நாளைக்கே போயிச் சேந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலேயே ஓடி, "அப்பாவ எதுக்கும்மா அடிச்ச?" என்று கேட்டேன். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு இப்படியும் ஒரு மனசா என்று அன்று முழுக்க அரண்டுபோய்க் கிடந்தேன். காலையில் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய வேலையை வேண்டாம் என்று அப்பா சொன்னபோது, நான் இன்னொரு இட்லி கேட்டிருந்தேன்.