மரியாதை பார்க்காமல் கத்து

கண்ணாடிக் கிடங்கில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொட்டலம் கட்டும் வேலைக்கு வந்தவள், உழைத்து உயர்ந்து, வேலையாட்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஆகியிருந்தாள். அங்கே இருந்தவர்கள் நான்கு நாட்டுக்காரர்கள், நான்கு மொழிக்காரர்கள். அவள் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவள் ஏமாந்தாள்.

ஒருநாள் காலை, கிரேன் தூக்கிய கண்ணாடிப் பாளம், கட்டியிருந்த பட்டை அறுந்து விழுந்து சுக்குநூறானது. நல்லவேளை, யார்மேலும் ஒரு கீறல்கூட இல்லை. பட்டை கிழிந்திருந்ததைப் பாளம் கட்டும் நெட்டையன் முன்பே பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததும் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நெட்டையன் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். வெளிநாட்டிலிருந்து வந்து அந்த ஊர்ப் பேச்சை ஓரளவு பிடித்துக்கொண்டவன்.

“பார்த்துட்டு ஏன் வாயைத் திறக்கல?”

“கட்டச் சொன்ன மேஸ்திரி பெரியவர் அக்கா. அவருக்குத் தெரியாததா? பெரியவங்ககிட்ட குறை சொன்னா, வளர்ப்பு சரியில்லைன்னு சொல்வாங்க எங்க ஊர்ல.”

வந்த கோபம் இறங்கிவிட்டது. மரியாதைதான் இவன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது.

“சரி, உங்கப்பா பாம்பு மேல கால் வைக்கப்போறார்னு வை. சும்மா நிப்பியா?”

“ஐயோ, கத்துவேன்!”

“என்னன்னு? கத்திக் காட்டு.”

நெட்டையன் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து தன் மொழியில் ஒரே ஒரு சொல்லைக் கத்தினான். கிடங்கே திரும்பிப் பார்த்தது. மேஸ்திரி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“இதைத்தான்யா நான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்!” என்றாள் அக்கா.

மறுநாள் முதல், வேலை தொடங்குமுன் அவரவர் ஊர் அலறலை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சிரிப்பு தாங்கவில்லை. எந்த மொழியில் அலறல் கேட்டாலும் முதலில் நிற்க வேண்டும், காரணம் பிறகு. வீணாகக் கத்தியவனையும் யாரும் திட்டக் கூடாது.

“என்னைப் பார்த்துமா கத்துவானுங்க?” என்று மேஸ்திரி முறைத்தார்.

“என்னையும்தான் அண்ணே.”

சில மாதம் கழித்து முதலாளி வந்தார். அவருக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டியபடி பின்னோக்கி நடந்த அக்கா, பேச்சு சுவாரஸ்யத்தில் வண்டி ஓடும் பாதையில் கால் வைத்துவிட்டாள். நெட்டையன் கத்தினான். அவள் கால்கள் அவளைக் கேட்காமலே நின்றன. முதுகுக்கு ஒரு முழம் தள்ளி, மேஸ்திரி ஓட்டிவந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி கிறீச்சிட்டு நின்றது.

நெட்டையன் முகம் வெளுத்துப்போனது. “மன்னிச்சிடுங்க அக்கா... முதலாளி முன்னாடி...”

“உயிரைக் காப்பாத்திட்டு மன்னிப்பு கேக்கறியே, உன்னை என்னன்னு சொல்ல!” என்றாள் அக்கா. முதலாளியின் பக்கம் திரும்பி, “சார், இவங்கதான் நம்ம ஆளுங்க” என்றாள் தலைநிமிர்ந்து.

மேஸ்திரி இறங்கி வந்து நெட்டையனின் தோளைத் தட்டினார்.

அன்று வீட்டில் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“இத்தனை வருஷமா நான் கத்தறேன், ஒருநாளாவது நின்னிருக்கியா?” என்றார் அவர்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வழக்கத்தைவிட இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள்.