மண்டாய் மார்க்கெட்டில் அப்பாவோடு

வேலை போன மறுநாளும் வழக்கம்போல லேப்டாப் பையோடு பாணேர் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன். புனேயின் பழைய மண்டாய் மார்க்கெட்டைச் சுற்றிப்பார்க்க வந்த கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன். மனதில் எதுவும் ஓடவில்லை. தண்ணீர் தெளித்த கொத்தமல்லிக் கட்டுகளின் வாசனை வந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, கசார்வாடிப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, ஒருநாள் என்னைப் பள்ளியில் விடாமல் பஸ்ஸில் இங்கே கூட்டி வந்தார். மார்க்கெட் கட்டடத்தின் எட்டுப் பட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கொத்தமல்லிக் கடைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அம்மா அவருக்குக் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை இருவரும் சாப்பிட்டோம்.

"பட்டறைய மூடிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார்.

நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"புள்ளைக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் ஃபோன் அடித்தது. கணவர்.

"சாப்டியா? மீட்டிங்ல இருக்கியா?"

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இல்லங்க, மண்டாய்ல நிக்கிறேன். நேத்து என்னை வேலையிலேருந்து எடுத்துட்டாங்க," என்றேன்.