கவரோடு நட்ட நாற்பது செடிகள்

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை. ஒரகடத்தில் நான் அட்மின் ஆபீசராக இருக்கும் கார் உதிரிபாகக் கம்பெனியின் வாசலில், ஒரு பெண்மணியை நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். குற்றம்? செடிக்குத் தண்ணீர் ஊற்றாதது!

மெயின் கேட்டிலிருந்து ஆபீஸ் வரை செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று நாற்பது செடிகள். இரண்டு மாதத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய மனிதர்கள் தங்கள் கையால் நட்டவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நட்டவரின் பெயர் எழுதிய பலகை. பலகைகள் பளபளவென்று இருந்தன. செடிகள்தான்... விளக்குமாற்றுக் குச்சிகளாகிவிட்டன.

அந்தப் பெண்மணி தேவகி. சேரப்பணஞ்சேரிக்காரர், ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் வேலை. செடிகளும் அவர் பொறுப்பு. முந்தின வாரம்தான் அவருக்கு ஒரு மெமோ கொடுத்திருந்தேன். இன்னொன்று போனால் கான்ட்ராக்டர் அவரை நிறுத்திவிடுவார். எங்கள் பிளான்ட் ஹெட் அந்த இன்னொன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை தண்ணி ஊத்தினீங்களா தேவகி?"

"தெனம் ரெண்டு வாட்டி ஊத்திகினுதான் கீறேன் சார். கரண்ட் போனா மோட்டார் ஓடாது. கேன்டீன் தொட்டிலேர்ந்து பக்கெட்ல தூக்கியாந்து ஊத்தறேன். தோளே வுட்டுப்போச்சு."

"அப்புறம் ஏன் காயுது?"

"அத்த செடியாண்ட கேளு சார்!"

செக்யூரிட்டி சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "இன்னொரு மெமோ வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன், என் ஆபீசர் குரலில்.

தேவகியின் முகம் மாறியது.

"நீ குட்த்த பேப்பர என் பொண்ணுதான் படிச்சு சொல்லிச்சு. 'நெக்லிஜன்ஸ்'னு போட்டுக்கீதாமே... கவனமே இல்லன்னு அர்த்தமாம். 'நீ வேலையே செய்யலியாம்மா?'ன்னு என் மூஞ்சப் பாத்து கேக்குது சார். நான் இன்னா சொல்றது அதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி விறுவிறுவென்று போய், செத்துப்போன ஒரு செம்பருத்தியை ஆத்திரத்தோடு பிடித்து இழுத்தார். சோடா பாட்டில் மூடி மாதிரி சட்டென்று வந்தது செடி.

வேரோடு இல்லை. கவரோடு!

நர்சரியில் கொடுத்த அதே கறுப்பு பிளாஸ்டிக் கவர். அதன் வாயைத் தண்டோடு சேர்த்துச் சுருட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். குழி முழுக்க ஈரம், சேறு. கவருக்குள் இருந்த மண்கட்டி மட்டும் செங்கல் போலக் காய்ந்திருந்தது. வேர்கள் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி... பார்க்க எனக்கே மூச்சு முட்டியது.

"எந்தப் பாவி சார் இப்டி வச்சது?" என்றார் தேவகி.

எந்தப் பாவி? எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

செடி நடும் விழா அன்று விருந்தினர்கள் தாமதமாக வந்தார்கள். இருபதே நிமிடத்தில் நாற்பது செடி, அப்புறம் போட்டோ, அப்புறம் லஞ்ச். "கவரைக் கிழிச்சுக்கிட்டு நிக்காதீங்க, அப்படியே வைங்க... போட்டோ முடிஞ்சதும் சரி பண்ணிக்கலாம்!" என்று மைக் இல்லாமலே கத்தியவன் நான்தான். போட்டோ முடிந்தது. லஞ்சும் முடிந்தது. அப்புறம் யார் சரி பண்ணுவது?

எனக்குத் தெரியாத விஷயமா இது? வீட்டில் பத்து வருடமாகத் தோட்டம் போடுகிறேன்! தேவகிக்குத்தான் தெரிய வாய்ப்பில்லை. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போட்டோவில் விழக்கூடாது என்று அன்றைக்கு அவர்களை கேன்டீன் பக்கம் அனுப்பிவைத்ததும் அடியேனே.

மறுநாள் ரிவியூ மீட்டிங். எங்கள் தொழிற்சாலையில் ஒரு போல்ட் உடைந்தாலும் ரூட் காஸ், அதாவது வேர்க் காரணம், கண்டுபிடித்தாக வேண்டும். "ரூட் காஸ் என்ன?" என்றார் பிளான்ட் ஹெட். வேர் சுருண்ட கவரை அப்படியே மேஜை மேல் வைத்தேன்.

"யார் இப்படி வைக்கச் சொன்னது?"

"நான்தான் சார்."

இதைச் சொல்ல ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டிருந்தது. அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டேபிளைத் துடைக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்!

மெமோவை ரத்து செய்து ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை தமிழில். 'தவறு என்னுடையது, தேவகியுடையது அல்ல' என்று தெளிவாக. அவர் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, மடித்து வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நாற்பதில் பதினொன்றுக்கு உயிர் இருந்தது. கட்டடம் கட்டும்போது ரோலர் விட்டு இறுக்கிய கிராவல் தரை. கடப்பாரை போட்டு அகலமாகத் தோண்டினோம். பிளேடால் கவரைக் கிழித்து, சுருண்ட வேரை மெல்லப் பிரித்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணியும் போட்டு நட்டோம். சுற்றிலும் பாத்தி. ஈரம் நிற்கக் காய்ந்த புல். ஆடாமல் இருக்க ஒரு குச்சி. வெயிலுக்குப் பச்சை வலை. முடிந்ததா என் தலைவலி?

எங்கே! பெயின்டிங் செக்‌ஷன் நண்பர் ஒருவர் பாசத்தில் ஒரு கைப்பிடி யூரியாவை அள்ளிப் போட்டார். புதுச் செடி கருகிவிடும் ஐயா! பி ஷிப்டில் திருநெல்வேலித் தம்பிகள் மிச்ச டீயை ஊற்றினார்கள். கேட்டால், "பால் டீல்லா சார், சத்துதான!" என்கிறார்கள். எறும்பு வரிசை கட்டிவிட்டது. இன்னொருவர், வேர் பிடித்துவிட்டதா என்று தினமும் செடியை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார். எப்படிப் பிடிக்கும்?

கடைசியில் தேவகி குரல் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார்கள். "எவனாச்சும் செடியாண்ட வந்தீங்க... கைய ஒடச்சிருவேன்!"

இன்றைய நிலவரம்: பதினொன்றில் இரண்டு போய்விட்டன. மற்ற ஒன்பதும் துளிர்த்திருக்கின்றன. தேவகி என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார். அது துளிர்க்க இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

இதற்கிடையே நேற்று ஒரு சர்க்குலர். காம்பவுண்டு சுவர் ஓரமாக நூறு மரக்கன்று நடப்போகிறோமாம். நட ஆசைப்பட்டு ஒரே நாளில் நூறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். 'மறுநாள் தண்ணீர் ஊற்றப் போவது யார்?' என்று எல்லோருக்கும் மெயில் போட்டிருக்கிறேன்...

இதுவரை ஒரு பதிலும் இல்லை!