விரிசலுக்குப் பூசிய சுண்ணாம்பு

குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலைக்கு ஐம்பத்தெட்டாம் வருஷம் நான்தான் ஓவர்சியர். சாலைக்கு மேலே தொங்கும் பாறைகளைப் பார்த்து அறிக்கை எழுதுவதும் என் பொறுப்பு. நான் மலையேறியதே இல்லை. தொப்பை ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம். எனக்குப் பதிலாக ஏறியவர் சிவனணைந்தபெருமாள் என்ற ரோட்டுக் கூலி.

ஐம்பது வயது. மனைவி பிரசவத்தில் போனபின் ரோட்டோரக் கொட்டகையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு கிடந்தார். பாறையில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே கை அகலத்துக்குச் சுண்ணாம்புச் சாந்தைப் பட்டையாகப் பூசிவிட்டு வருவார். மழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பார். பட்டை முழுசாக இருந்தால் பாறை அசையவில்லை, வெடித்திருந்தால் அசைந்துவிட்டது. அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். பட்டை பூசிய பாறைக்கெல்லாம் நம்பர் உண்டு.

இறங்கி வரும்போது பேச்சித்தாயின் காப்பிக் கடையில் நிற்பார். ஓலைக் கடை, பின்னால் சரிவு, சரிவின் தலையில் பதினோராம் நம்பர் பாறை. அவளும் புருஷனை இழந்தவள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

"என்ன அண்ணாச்சி, மேல எல்லாரும் சௌக்கியமா?" என்பாள்.

"ஏழுக்குத்தான் லேசா நோவு. மத்தவங்க நல்லாருக்காங்க."

ஒரு நாளில் அவரிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது இவ்வளவுதான். நான் பேசியதெல்லாம் பேச்சில் சேர்த்தியில்லை, அதட்டல்.

மறு வருஷம் ஆடியில் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு ஏறிப்போனவர் திகைத்து நின்றுவிட்டார். பதினோராம் நம்பர் பாறை முழுக்க வெள்ளையடித்து, காவிக்கோடு போட்டு, அரளிமாலையோடு நின்றது. விறகு பொறுக்கப் போன பேச்சித்தாய் அவர் பூசிய பட்டையைக் கண்டு, சுடலைமாடனுக்கு யாரோ பீடம் போட்டிருக்கிறார்கள் என்று கும்பிட்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மாடனுக்குச் சிலை வேண்டாம், வெள்ளையடித்த கல் போதும். அந்த வாரம் யாவாரம் அமோகமாம். மாடனுக்குக் கொடைவிழாவே நடத்திவிட்டாள்.

பெருமாள் வெள்ளையைச் சுரண்டினார். உள்ளே அவருடைய பட்டை இரண்டாக வெடித்துக் கிடந்தது. நடுவில் விரல் நுழைந்தது. விழுந்தால் நேரே கடைமேல்தான்.

"பேச்சி, கடையை எடுத்துரு. கல்லு நவந்துட்டு."

"அவரு காவலுக்கு நிக்காரு அண்ணாச்சி."

"அது நான் பூசின சுண்ணாம்பு."

"சரி, உம்மளப் பூசச் சொன்னது யாரு? அவருதான்!"

பெருமாள் அன்றைக்கே என்னிடம் வந்து அறிக்கை எழுதச் சொன்னார். "கடையை எடுத்துட்டா உமக்கு யாருவே காப்பி தருவா?" என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. "எழுதுங்க சார்" என்றார். அந்தக் கேலியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அறிக்கை போன எட்டாம் நாள் கடையைப் பிரித்தார்கள். பேச்சித்தாய் இலஞ்சியில் தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது பெருமாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெடி வைத்துப் பாறையை உடைக்க அனுமதி கேட்டேன். வரவே இல்லை.

இரண்டு வருஷம் பாறை விழவில்லை. சந்தையில் அவரைக் கண்டால் அவள் வேறு பக்கம் போவாளாம். கல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் மனுஷன், தினமும் அங்கே போய், "விழுந்து தொலையேன்" என்று கெஞ்சியிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது முகத்தை மூடிக்கொண்டார்.

அறுபத்தொன்று ஐப்பசியில் ஒரு காலை, அடைமழையில் விழுந்தது. கடை இருந்த இடத்தில் அடுப்புக்கட்டியின் பொடிகூட மிஞ்சவில்லை. பெருமாள் நனைந்துகொண்டே இலஞ்சிக்கு நடந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு நானும் போனேன். அவர் ஜெயிப்பதைப் பார்க்க ஆசை.

"பேச்சி, கல்லு விழுந்துட்டு. கடை மேலயேதான்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"விழாம என்ன செய்வாரு? ரெண்டு வருசமா ஒரு விளக்கு உண்டா, பூ உண்டா? கும்பிட்டவள வெரட்டிவிட்டீரு. கும்பிட ஆளில்லாம எம் மாடன் விழுந்துட்டாரே! நீரு நல்லாருப்பீரா, பாவி மனுசா?"

நான் வாயெடுத்தேன். பெருமாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் மூச்சுவிடாமல் திட்டினாள். அவர் தாழ்வாரத்துக்கு வெளியே மழையில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசுகிறாள்.