இரண்டாவது அழுத்தல்

இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. அன்னைக்கு செனாய் விமான நிலையத்துல விமானி உரிமத்துக்கு என்னோட மூணாவது தேர்வு. ரெண்டு தடவை ஏற்கெனவே கோட்டை விட்டாச்சு. இதுவும் போச்சுன்னா பறக்கும் பள்ளியில என் பேரையே அடிச்சிருவாங்க.

எட்டு மாசமா நான் ஓட்டிப் பழகின விமானம் பழுதுபார்க்கப் போயிருச்சு. "எல்லாம் ஒண்ணுதான் லா, இதுல போ"ன்னு வேற ஒண்ணைக் கொடுத்தாங்க. எங்க ஒண்ணு? வழிகாட்டுற கருவி வேற கம்பெனி. என்னோடதுல ஊர்ப் பேரைத் தேடி ஒரு தடவை பொத்தானை அழுத்தினா போதும், விமானம் அந்தப் பக்கம் திரும்பிரும். இதுல ஒரு தடவை அழுத்தினா திரையில கோடு மட்டும் வரும். மறுபடி அழுத்தினாத்தான் விமானம் கேட்கும். முதல் அழுத்தலுக்கு வர்ற கோடும் ரெண்டாவதுக்கு வர்றதும் ஒரே ஊதா கலரு. எந்த மகராசன் யோசிச்சானோ!

மெர்சிங் ஊரைத் தாண்டி, விமானத்தைத் தானா ஓட்டுற தானியங்கியைப் போட்டுட்டு, கரையோரமா தெற்கே போய்க்கிட்டிருந்தோம். பக்கத்துல தேர்வதிகாரி. கூலாய் ஊர்க்காரர், நம்ம தமிழ் ஆளுதான். "செனாய்க்கு நேரா திரும்பும்மா"ன்னார். பேரைத் தேடினேன், அழுத்தினேன், கோடு வந்துச்சு. நிம்மதியா ரேடியோவில பேச ஆரம்பிச்சேன். விமானமோ பழைய வழியிலேயே போகுது. கொஞ்ச நேரத்துல கட்டுப்பாட்டு அறையிலிருந்து சத்தம் போட்டாங்க, சிங்கப்பூர் எல்லைக்குக் கிட்ட வந்துட்டீங்கன்னு. அலமாக்!

"இது என்னம்மா பெரிய கம்பசூத்திரம்? இங்க பாரு"ன்னு அவரே கருவியில கை வெச்சார். செனாயைத் தேடினார். ஒரு தடவை அழுத்தினார். கோடு வந்ததும் என் பக்கம் திரும்பி, கவனம்னா என்னன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார். விமானம் திரும்பவே இல்ல. நான் கையை நீட்டி இன்னொரு தடவை அழுத்தினேன். அப்பத்தான் இறக்கை சாஞ்சுது. அவர் பார்த்தார். பாடத்தைப் பாதியில விட்டுட்டு முன்னாடி திரும்பிக்கிட்டார்.

ஆபீஸ்ல தாளை நீட்டினார். 'தேறவில்லை. காரணம்: விமானியின் கவனக்குறைவு.'

"கேப்டன், நீங்களும் ஒரு தடவைதானே அழுத்தினீங்க?"

"இன்னைக்குத் தேர்வு எனக்கில்லையேம்மா"ன்னு சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.